ஒரே பட்டத்தில் ஸ்காண்டிநேவியாவும் ஸ்பானிஷும்

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காண்டிநேவிய ஆய்வையும் ஸ்பானிஷையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கலாம். நான்கு ஆண்டுப் படிப்பு. ஸ்காட்லாந்தின் பழைய பல்கலைக்கழக வழக்கப்படி இந்த இளநிலைப் பட்டத்துக்கே எம்.ஏ. என்றுதான் பெயர். டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ் மூன்றில் ஒன்றை மாணவர் அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்குகிறார். கூடவே ஸ்பானிஷ் மொழியும் அதன் இலக்கியமும். மூன்றாம் ஆண்டு வெளிநாட்டில் கழிகிறது. ஸ்பானிஷோடு பிரெஞ்சையோ போர்த்துகீசையோ எடுக்கிறவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. எல்லாம் லத்தீன் வழி வந்தவை. ஸ்வீடிஷோடு ஜெர்மன் எடுத்தாலும் அப்படித்தான். ஸ்டாக்ஹோமையும் செவில்லையும் ஒரே பாடத்திட்டத்தில் சேர்த்தால்தான் “இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்ற கேள்வி வருகிறது.

கேள்வி நியாயமானதே. இரண்டு மொழிகள் வகுப்பு அட்டவணையில் அடுத்தடுத்து இருப்பதாலேயே அவை ஒரு படிப்பாக ஆகிவிடாது. ஆனால் இங்கே சம்பந்தம் உண்டு. மொழியமைப்பில் ஒன்றின் கடினம் மற்றதன் எளிமையோடு பொருந்துகிறது. வரலாற்றில் வெளியே தெரிவதைவிடக் கொடுக்கல் வாங்கல் அதிகம். வேலைச் சந்தையிலும் இந்தச் சேர்க்கைக்கு இடமிருக்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மாணவர் தலையிலேயே விட்டுவிடுகின்றன.

முதலில், எங்கே படிக்கலாம் என்பது. பிரிட்டனில் ஸ்காண்டிநேவிய மொழிகளைத் தனித் துறையாக வைத்திருக்கும் இடங்கள் மிகச் சில. எடின்பரோவும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் முதன்மையானவை. முன்பு இருந்த சில துறைகள் மூடப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1875-லேயே ராஸ்மஸ் ஆண்டர்சனை ஸ்காண்டிநேவிய மொழிகளின் பேராசிரியராக நியமித்தது. நார்வேயிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை அவர். ஜெர்மனியில் இரண்டு பாடங்களைச் சம அளவில் படிக்கும் பட்டமுறை வழக்கத்தில் இருப்பதால் அங்கே இந்தச் சேர்க்கை யாருக்கும் வினோதமாகத் தெரிவதில்லை. டென்மார்க் எல்லைக்கு அருகிலுள்ள கீல் பல்கலைக்கழகத்தில் டேனிஷையும் ஸ்பானிஷையும் பள்ளி ஆசிரியர் பாடங்களாகவே எடுக்கலாம். அந்த மாநிலத்தில் டேனிஷ் பேசும் சிறுபான்மையினர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பள்ளிகள் இருக்கின்றன.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்காண்டிநேவியாவுக்குள்ளேயே இது மிகச் சாதாரணமான சேர்க்கை. ஸ்வீடனிலும் நார்வேயிலும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர் பொதுவாக இரண்டு பாடங்களில் பயிற்சி பெற வேண்டும். தாய்மொழியும் ஸ்பானிஷும் என்பது அங்கே இயல்பான இணை. ஸ்வீடனின் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக மாணவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் அந்நிய மொழி ஸ்பானிஷ்தான். ஜெர்மனும் பிரெஞ்சும் ஒரு காலத்தில் வகித்த இடம் அது. நார்வேயில் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை ஸ்பானிஷ், ஜெர்மன், பிரெஞ்சு போன்றவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒஸ்லோவில் வளரும் ஈழத் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ், பள்ளியில் நார்வேஜியன், அதன்மேல் ஆங்கிலம் என்று வந்து, நான்காவதாக ஸ்பானிஷைத் தொடங்குவது இந்த வழியில்தான். எடின்பரோ மாணவர் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவைக்கும் இரண்டு மொழிகள் அந்தப் பிள்ளையின் பதின்மூன்று வயதிலேயே சேர்ந்துவிடுகின்றன.

இனி மொழியமைப்பு. ஸ்காண்டிநேவிய மொழிகளில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. நான், நீ, அவர்கள் யாராக இருந்தாலும் நிகழ்காலத்துக்கு ஒரே வடிவம், இறந்தகாலத்துக்கு ஒரே வடிவம். அதனாலேயே எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பானிஷ் நேர்மாறு: ஒவ்வொரு காலத்துக்கும் ஆறு வடிவங்கள், அவற்றோடு விருப்பம், ஐயம், கட்டளை ஆகியவற்றுக்கான தனி வினை வரிசை. ஆனால் எழுவாயை விட்டுவிடலாம். “வந்தேன்” என்றாலே யார் வந்தது என்று தெரிந்துகொள்ளும் தமிழருக்கு இந்தப் பக்கம் சொந்த ஊர் போலத்தான் இருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எடின்பரோ மாணவருக்கோ முதல் ஆண்டின் பெரும் உழைப்பு இந்த வினை அட்டவணைகளிலேயே போய்விடுகிறது.

ஒலியில் நிலைமை தலைகீழ். ஸ்பானிஷில் ஐந்து உயிரொலிகள்; எழுதியபடி படிக்கலாம், பெரும்பாலும் கேட்டபடி எழுதலாம். ஸ்வீடிஷில் ஒன்பது உயிரெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும். அதோடு சொல்லுக்குச் சொல் மாறும் சுருதி. நார்வேஜியனிலும் அந்தச் சுருதி உண்டு. டேனிஷில் சுருதிக்குப் பதிலாகத் தொண்டையில் ஒரு சிறு தடுப்பு. சொல்லின் கடைசி அசைகளோ பாதி விழுங்கப்படுகின்றன. டேனிஷ் குழந்தைகள் தொடக்கத்தில் சொற்களைப் பிரித்து அறிய மற்ற மொழிக் குழந்தைகளைவிடச் சற்றுத் தாமதிக்கிறார்கள் என்று டென்மார்க்கின் மொழியியலாளர்களே ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். பிறந்து வளரும் குழந்தைக்கே அப்படியென்றால், பதினெட்டு வயதில் தொடங்குகிறவரைச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் விளைவு நடைமுறையில் நல்லதாகவே அமைகிறது. ஒரு மொழி விரைவில் படிக்க வருகிறது, காதுக்கு மெதுவாகத்தான் பிடிபடுகிறது. மற்றது விரைவில் கேட்கவும் சொல்லவும் வருகிறது, இலக்கணத்தில் நெடுங்காலம் உழைக்க வைக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டிலும் ஒரே வகைச் சோர்வு வராது. நெருங்கிய உறவுள்ள மொழிகளைச் சேர்த்துப் படிப்பவர்களுக்கு இருக்கும் தொல்லையும் இங்கே குறைவு. ஸ்பானிஷும் இத்தாலியனும் ஒன்றாகப் படிக்கிறவர் ஒன்றின் சொல்லை மற்றதில் போட்டுவிட்டுத் தவிப்பது வழக்கம். ஸ்வீடிஷ் சொல் ஸ்பானிஷ் வாக்கியத்துக்குள் அப்படி நுழைந்துவிடாது.

ஆனாலும் இரண்டையும் ஒரே ஆண்டில் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது நல்லதல்ல என்பதே என் எண்ணம். இலக்கியத்தை மூலத்தில் படிக்கும் நிலை இரண்டிலும் பிந்திவிடும், வெளிநாட்டு ஆண்டு வரும்போது இரண்டிலுமே அரைகுறையாகப் போய் நிற்க நேரிடும். ஸ்பானிஷைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வருவது நடக்கக்கூடிய வழி. ஸ்காண்டிநேவிய மொழியைப் பள்ளியில் படிக்கும் வாய்ப்பு பிரிட்டனில் கிட்டத்தட்ட இல்லை, ஸ்பானிஷுக்கு இருக்கிறது. 2019-இல் அங்கே உயர்நிலைத் தேர்வில் ஸ்பானிஷ் எழுதியவர்கள் பிரெஞ்சு எழுதியவர்களை முதன்முறையாக முந்தினார்கள். கையில் இருப்பதை வைத்து, இல்லாததைத் தொடங்குவதுதான் பொருத்தம்.

மூன்று ஸ்காண்டிநேவிய மொழிகளில் எதை எடுப்பது என்ற கேள்வி மாணவர்களை அளவுக்கு மீறிக் குழப்புகிறது. மூன்றும் ஒரே பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தவை. ஒன்றை நன்றாகக் கற்றவர் மற்ற இரண்டையும் சிறிது பழக்கத்தில் படித்துவிடலாம். இந்த மூன்று மொழிக்காரர்களில் பேச்சில் அண்டை மொழிக்காரர்களை மிக நன்றாகப் புரிந்துகொள்பவர்கள் நார்வேக்காரர்கள் என்று 2005-இல் வந்த நோர்டிக் ஆய்வு காட்டியது. காரணமும் விளங்கக்கூடியதே. நார்வே 1814 வரை பல நூற்றாண்டுகள் டென்மார்க்கோடு இணைந்திருந்தது; எழுத்தில் டேனிஷின் சாயல், உச்சரிப்பில் ஸ்வீடிஷின் பக்கம். அதோடு நாட்டுக்குள்ளேயே இரண்டு எழுத்து வழக்குகள். டேனிஷ் எழுத்திலிருந்து வளர்ந்தது பூக்மோல். ஈவர் ஓசன் என்ற குடியானவர் மகன் 1840-களில் ஊர் ஊராக நடந்து பேச்சு வழக்குகளைத் திரட்டி, 1848-இல் இலக்கணமும் 1850-இல் அகராதியும் வெளியிட்டு உருவாக்கியதே பின்னால் நீனோர்ஸ்க் ஆயிற்று. 1885-இல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம உரிமை அளித்தது. வட்டார வழக்கில் பேசுவதை வெட்கமாக நினைக்காத நாடு அது. ஆகவே நார்வேஜியன் படிக்கிறவரின் காது முதல் நாளிலிருந்தே வேறுபாடுகளுக்குப் பழகிவிடுகிறது. என்னைக் கேட்டால் நார்வேஜியனைத்தான் சொல்வேன். ஸ்வீடிஷைப் பேசுகிறவர்கள் சுமார் ஒரு கோடிப் பேர், நார்வேஜியனுக்கு அதில் பாதிதான் என்பது இந்தத் தேர்வில் பெரிய விஷயமல்ல.

ஸ்பானிஷில் இதற்கு இணையான அனுபவம் வேறு அளவில் கிடைக்கிறது. ஒரே மொழி, இருபது நாடுகளில் ஆட்சிமொழி. 1713-இல் மாட்ரிட்டில் தோன்றிய அரச கழகம் இன்று தனியாக விதி சொல்வதில்லை. 1951-இல் உருவான கழகங்களின் கூட்டமைப்போடு சேர்ந்துதான் அகராதியும் இலக்கணமும் வருகின்றன. புவெனஸ் அய்ரெஸில் “நீ” என்பதற்கு மாட்ரிட்டில் இல்லாத சொல்லும் அதற்கேற்ற வினையும் உண்டு. நெருக்கமான பலரை விளிக்கும் சொல் ஸ்பெயினில் ஒரு மாதிரி, கொலம்பியாவில் வேறு மாதிரி. ஸ்வீடனிலோ 1967-இல் மருத்துவத் துறை வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்செட், தன் ஊழியர் அனைவரையும் “நீ” என்றே அழைக்கப்போவதாகச் சொன்னார். சில ஆண்டுகளில் நாடே அந்த வழக்குக்கு வந்துவிட்டது. காலையில் எல்லோரும் “நீ” என்ற வகுப்பிலும், மாலையில் யாருக்கு எந்தச் சொல் என்று நாட்டுக்கு நாடு மாறும் வகுப்பிலும் உட்காரும் மாணவர், மரியாதை என்பது மொழிக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாகக் கற்றுக்கொள்வார்.

வரலாற்றில் இரு பக்கத்தாரும் அடிக்கடி சந்தித்திருக்கிறார்கள், எப்போதும் அன்போடு அல்ல. 844-இல் வைக்கிங் கப்பல்கள் குவாதல்கிவிர் ஆற்றில் ஏறிச் செவில்லைத் தாக்கின. 1258-இல் நார்வே அரசர் ஹோகோனின் மகள் கிறிஸ்டினா, காஸ்டீல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோவின் தம்பி ஃபெலிப்பேயை மணந்தாள். நான்கே ஆண்டில் செவில்லில் இறந்தாள். அவள் கல்லறை புர்கோஸ் அருகே கோவர்ரூபியாஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. நார்வேயின் புனிதர் ஓலாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டப்பட வேண்டும் என்ற அவளுடைய விருப்பம் 2011-இல்தான் அந்த ஊரில் நிறைவேறியது. 1434-இல் பாசெல் திருச்சபைப் பேரவையில் ஸ்வீடனின் ஆயர் நிக்கோலாவுஸ் ராக்வால்தி, பண்டைய ஜெர்மானிய இனமான கோத்தியர்களின் வழித்தோன்றல்கள் தாங்களே, ஆகவே முன்வரிசை தங்களுக்கே என்று வாதாடினார். ஸ்பானியப் பிரதிநிதிகள் விடவில்லை: துணிந்து வெளியே வந்து நாடு பிடித்த கோத்தியர்களின் வாரிசுகள் தாங்கள், வீட்டிலேயே தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் ஸ்வீடன்காரர்கள் என்றார்கள். நார்வேயின் கிறிஸ்டியான்சுன் துறைமுகம் உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை ஸ்பெயினுக்கு அனுப்பி வளர்ந்தது. அங்கிருந்து திரும்பி வந்த தக்காளிக் குழம்பை அந்த ஊர் இன்றும் ஸ்பானியப் பெயரிலேயே சமைக்கிறது.

இவையெல்லாம் சுவையான செய்திகள் என்ற அளவோடு நின்றுவிடலாம். இலக்கியத்தில் நடந்தது அப்படியல்ல. அங்கே இரண்டு மொழிகளும் ஒரே மனிதரின் மேசையில் சந்தித்து, சிந்தனையை மாற்றியிருக்கின்றன. சாலமன்காவில் கிரேக்கம் கற்பித்த மிகெல் தெ உனமுனோ, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நார்வே நாடகாசிரியர் இப்சனைப் படிப்பதற்காக டேனிஷ் கற்கத் தொடங்கி, அந்த வழியில் டேனிஷ் தத்துவஞானி கீர்க்கெகார்டைக் கண்டடைந்தார். கீர்க்கெகார்டை ஸ்காண்டிநேவியாவுக்கும் ஜெர்மனிக்கும் வெளியே யாரும் பெரிதாக அறியாத காலம் அது. 1913-இல் நூலான உனமுனோவின் ‘வாழ்வின் துயர உணர்வு’ அந்த வாசிப்பின் சுவடுகளைப் பக்கத்துக்குப் பக்கம் தாங்கியிருக்கிறது. ஸ்பானியத் தத்துவத்தின் ஒரு தலையாய நூல் ஒரு டேனிஷ் அகராதியின் துணையால் உருவானது என்று சொன்னால் மிகையாகாது. அவர் காலத்து ஆங்ஹெல் கனிவெத், ஹெல்சிங்கியில் ஸ்பெயினின் தூதரக அதிகாரியாக இருந்துகொண்டு இப்சன், பியோர்ன்சன், யோனாஸ் லீ மூவரையும் ஸ்பானிய வாசகருக்கு அறிமுகப்படுத்தி எழுதினார்.

அர்ஜென்டீன எழுத்தாளர் போர்ஹெஸின் ஈடுபாடு இன்னும் ஆழமானது. பழைய நோர்ஸ் கவிகள் ஒரு பொருளைச் சுற்றி வளைத்துச் சொல்லும் உருவகங்களைப் பற்றி 1933-லேயே எழுதியவர் அவர். பின்னால் பண்டைய ஜெர்மானிய இலக்கியங்கள் பற்றி நூல் எழுதினார். கண்பார்வை போன பிறகும் அந்த மொழிகளைப் படிப்பதை விடவில்லை. இறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு மரியா கொதாமாவோடு சேர்ந்து ஸ்னோர்ரி ஸ்தூர்லுசோனின் பழைய நோர்ஸ் நூலான எட்டாவிலிருந்து ஒரு பகுதியை ஸ்பானிஷாக்கினார். ஜெனீவாவில் அவருடைய கல்லறையின் பின்பக்கத்தில் நோர்ஸ் உரைநடைக் காவியமான சாகா ஒன்றின் வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. போர்ஹெஸ் கதைகளின் குறுகிய, உணர்ச்சியை வெளியே காட்டாத வாக்கியங்களைப் படிக்கிறவர் ஐஸ்லாந்துச் சாகாக்களையும் படித்திருந்தால், அவர் எங்கே கற்றார் என்பதில் ஐயமே எழாது. ஸ்பானிஷ் மட்டும் படிக்கும் துறைகளில் இது ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அதைப் பாடமாக நடத்தக்கூடியது இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வகுப்பே.

எதிர்த்திசையில் ஆர்தூர் லுண்ட்க்விஸ்ட். தெற்கு ஸ்வீடனின் விவசாயக் குடும்பத்தில் பிறந்து தானாகவே மொழிகளைக் கற்றவர். லோர்கா, நெருதா போன்றோரை ஸ்வீடிஷுக்குக் கொண்டுவந்தவர். 1968-இல் ஸ்வீடிஷ் அகாதெமியின் பதினெட்டு நாற்காலிகளில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. நெருதாவுக்கு 1971-லும் அலெய்க்ஸாந்த்ரேவுக்கு 1977-லும் மார்க்வெஸுக்கு 1982-லும் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, அந்தப் பதினெட்டுப் பேரில் ஸ்பானிஷ் உலகை நேரடியாக அறிந்த குரல் அவருடையது. உலகம் முழுவதும் யாரைப் படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு சிறிய அறையில் ஒருவருடைய மொழியறிவு எவ்வளவு எடை பெறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1973-க்குப் பிறகு சம்பந்தம் புத்தகங்களைத் தாண்டிவிட்டது. சிலேயில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஸ்வீடன் தூதர் ஹாரால்ட் ஏடல்ஸ்டாம் கியூபத் தூதரகத்தைத் தன் நாட்டுப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். தேசிய விளையாட்டரங்கில் அடைக்கப்பட்டிருந்த உருகுவேக்காரர்கள் பலரை மீட்டார். அந்த டிசம்பரிலேயே நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சிலே மக்கள் ஸ்வீடனில் தஞ்சம் புகுந்தார்கள். ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க் புறநகர்களில் ஸ்பானிஷ் வீட்டுமொழியாயிற்று. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் ஸ்வீடிஷில் எழுதுகிறார்கள். இதன் மறுபக்கம் ஸ்பெயினின் கடற்கரையில். அலிகாந்தே பகுதியின் அல்ஃபாஸ் தெல் பி ஊரில் நார்வேக்காரர்களுக்கென்று பள்ளியே இருக்கிறது. மாலகா அருகே ஃபுவென்ஹிரோலாவில் ஸ்வீடிஷ் பள்ளி. ஓய்வுபெற்றவர்களின் மருத்துவம், சொத்துப் பத்திரம், வாரிசுரிமை எல்லாவற்றுக்கும் அங்கே இரு மொழியும் அறிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

“ஸ்காண்டிநேவியாவில் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியுமே, பிறகு எதற்கு இந்தப் பாடு?” என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. கடையில் பொருள் வாங்க ஆங்கிலம் போதும் என்பது உண்மை. ஆனால் நகராட்சிக் கூட்டம், பள்ளி நிர்வாகம், நீதிமன்றத் தீர்ப்பு, உள்ளூர்ச் செய்தித்தாள் எல்லாம் சொந்த மொழியில்தான் நடக்கின்றன. ஆங்கிலத்தோடு போகிறவர் விருந்தினராகவே இருந்துவிடுவார். இந்த வாதத்தைக் காட்டித் துறைகளை மூடும் நிர்வாகங்கள், ஒரு சமூகம் தனக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கும் ஆட்களே தேவையில்லை என்று முடிவுகட்டுகின்றன. எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

வெளிநாட்டு ஆண்டில்தான் நடைமுறைச் சிக்கல். ஒரு மொழிக்கு ஒரு முழு ஆண்டு கிடைத்தாலே போதாது. இரண்டு மொழிக்காரர் அதைப் பங்கிட வேண்டியிருக்கிறது. பிரிட்டன் 2020-ஓடு ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டத்திலிருந்து வெளியேறி, 2021-இல் டூரிங் என்ற சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது. 2027-இல் எராஸ்மஸில் மீண்டும் சேர்வதாக 2025 டிசம்பரில் அறிவித்திருக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் தங்க பிரிட்டிஷ் மாணவருக்கு அனுமதி வேண்டும். ஓர் ஆண்டில் இரண்டு நாடு என்றால் இரண்டு முறை விண்ணப்பம். நம் ஊரிலிருந்து நேரே போக நினைப்பவர்கள் கட்டணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் டென்மார்க் 2006 முதலும், ஸ்வீடன் 2011 முதலும், நார்வே 2023 முதலும் கட்டணம் வாங்குகின்றன. பங்கிடுவதில் என் பரிந்துரை சமபங்கு அல்ல. ஸ்காண்டிநேவியப் பக்கத்துக்கு நீண்ட பகுதியைக் கொடுப்பதே நல்லது. ஸ்பானிஷை எந்த ஊரிலும் கேட்கலாம், படம் பார்க்கலாம், பேச ஆள் கிடைக்கும். டேனிஷ் காதுக்குப் பழக அந்த ஊரில் ஒரு குளிர்காலம் வேண்டும்.

வேலையைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். பட்டம் மட்டும் எவருக்கும் வேலை தருவதில்லை. ஆனால் இந்த இணை தேவைப்படும் இடங்கள் உண்மையானவை. காற்றாலைத் தொழிலைப் பாருங்கள். டென்மார்க்கின் போனஸ் நிறுவனத்தை 2004-இல் சீமென்ஸ் வாங்கியது. அந்தப் பிரிவு 2017-இல் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டைச் சேர்ந்த கமேசாவோடு இணைந்தது. டென்மார்க்கின் ப்ராண்டேயும் பாஸ்க் நாட்டின் சமுதியோவும் ஒரே நிறுவனத்தின் இரு ஊர்களாயின. தமிழ்நாட்டுக் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குக் கமேசாவும் டென்மார்க்கின் வெஸ்டாஸும் புதிய பெயர்கள் அல்ல. மொழிபெயர்ப்பில் தேவை இன்னும் தெளிவு. ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் நாவல்களை ஸ்பானிஷாக்கியவர்கள் மார்ட்டின் லெக்ஸெல், ஹுவான் ஹொசே ஓர்தேகா ரோமான் என்ற இருவர். நார்வே எழுத்தாளர் கனௌஸ்கோரின் நாவல்களைக் கொண்டுவந்தவர்கள் நார்வேயில் பிறந்த கிர்ஸ்டி பாக்கெத்தூனும் ஸ்பெயினின் அசுன்சியோன் லொரென்சோவும். சரகோசாவின் ஃப்ரான்சிஸ்கோ உரிஸ் நெடுங்காலம் ஸ்டாக்ஹோமில் வாழ்ந்து நோர்டிக் கவிதையை ஸ்பானிஷில் சேர்த்தார். இரு கரையிலிருந்தும் ஒவ்வொருவராக அமர்ந்து செய்யும் இந்த உழைப்புக்கு அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? 2023-இல் நோபல் பெற்ற யோன் ஃபோசே நீனோர்ஸ்கில் எழுதுகிறவர். அந்த நடையின் வாசனை அறிந்து ஸ்பானிஷில் எழுதக்கூடியவர்களை உருவாக்க வல்லவை இந்த மிகச் சில படிப்புகளே.

எடின்பரோவில் இரண்டு மொழிப் பிரிவுகளும் இலக்கிய, மொழி, பண்பாட்டுப் புலம் என்ற ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நடத்தும் ஓர் இறுதியாண்டுப் பாடத்துக்குப் புதிய பதவி எதுவும் தேவைப்படாது. முதல் பருவத்தில் உனமுனோவோடு கீர்க்கெகார்ட், சாகாக்களோடு போர்ஹெஸ். இரண்டாம் பருவத்தில் சிலே அகதிகள் ஸ்வீடனில் நடத்திய ஸ்பானிஷ் இதழ்கள், அல்ஃபாஸ் தெல் பியின் நார்வேக்காரர்கள், மாட்ரிட் மேடையில் இப்சன். ஆய்வேட்டுக்கு இரண்டு பிரிவிலிருந்தும் ஒவ்வொரு வழிகாட்டி. மாணவர் இரண்டு மொழியிலும் மூல ஆவணங்களைப் படித்தாக வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தால், வேறு எந்தத் துறையாலும் எழுத முடியாத ஆய்வேடுகள் அங்கிருந்து வரும்.